பின் இருக்கையில் யாரும் இல்லாதபோது

சர்வீஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு,

எனக்கு வயது இருபத்தொன்பது. ஓய்வு பெறுகிற வயதல்ல. ஆனாலும் இந்த மாதக் கடைசியோடு வொர்க்‌ஷாப் தளத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன். அடுத்த மாதம் முதல் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தப் போகிறேன். தெரிந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று மேனேஜர் சொன்னார். பேட்டரியை எப்படிக் கழற்றுவது, எந்த வயரைத் தொடுவதற்கு முன் ரப்பர் கையுறை போடுவது என்பதெல்லாம் கம்பெனிப் புத்தகத்தில் இருக்கிறது. அது என்னைவிட நன்றாகச் சொல்லும். நான் எழுத வந்தது வேறு. ஒரு வாடிக்கையாளர் உங்கள் முகத்தைப் பார்த்து, "இந்த வண்டியை வெச்சுக்கலாமா, வித்துடலாமா?" என்று கேட்கும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு என்ன செய்வது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

என்னிடம் முதன்முறை அப்படிக் கேட்கப்பட்டபோது நான் தப்பான பதில் சொன்னேன்.

கேட்டவர் ஒரு மயக்க மருந்து டாக்டர். ஊரின் பழைய கோட்டைக்குள் அக்கிரகாரத் தெருவில் வீடு. கழக்கூட்டத்தைத் தாண்டி இருக்கும் ஒரு மருத்துவமனையில் அவசர சிசேரியன் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். போன் வந்தால் தனியாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வண்டி எங்கள் ஷோரூம் விற்ற முதல் ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் வண்டி என்பதைத் தவிர அப்போது எங்களில் பலருக்கு அதைப் பற்றி அதிகம் தெரியாது. எனக்குத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து மாதம் ஓடிய பிறகு ஒருநாள் மஞ்சள் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நடக்கிற வேகத்தில்தான் போயிற்று. பின் இருக்கைக்குப் பின்னால் இருக்கும் பெரிய பேட்டரி செத்துப்போயிருந்தது. புதியது கப்பலில் வர ஐந்து வாரம் ஆயிற்று. மாற்றினோம். இருபது நாள் ஓடியது. மறுபடி விளக்கு. இந்த முறை பேட்டரியைக் கவனிக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினோம். பன்னிரண்டு நாள் ஓடியது. மூன்றாவது முறை விளக்கு எரிந்தது கழக்கூட்டம் ஹைவேயில், வரிசையாக லாரிகள் நின்ற நேரத்தில். ஆபரேஷன் டேபிளில் ஒரு பெண் காத்திருந்தாள். டாக்டர் வண்டியை ஓரத்தில் பூட்டிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனார். சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஆனால் அடுத்த முறையும் ஆட்டோ கிடைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. காலையில் இழுவை வண்டியின் பின்னாலேயே அவரும் வந்தார். என் மேஜைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோபமாகக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"கொச்சியில ஒரு புரோக்கர் இந்த வண்டியை அப்படியே எடுத்துக்கறேங்கறான். சனிக்கிழமை பத்து மணிக்குள்ள பதில் சொல்லணும். எங்காத்துக்காரர் இப்பவே குடுத்துடுங்கறார். நீ சொல்லு. வெச்சுக்கலாமா, குடுத்துடலாமா?"

"அது நீங்கதான் முடிவு பண்ணணும் டாக்டர். நாங்க ரிப்பேர் பண்ணித் தர்றோம்" என்றேன். பணிவாகத்தான் சொன்னேன். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு பேஷண்ட் என்கிட்ட, 'இந்த ஒடம்போட எனக்கு மயக்கம் குடுக்கலாமா டாக்டர்'னு கேக்கறான்னு வெச்சுக்கோ. அது உங்க இஷ்டம்னு சொல்லிட்டு நான் டீ குடிக்கப் போலாமா?"

நான் குறிப்புத் தாளைப் பக்கத்தில் இழுத்தேன்.

"எனக்கு எஞ்சினும் தெரியாது, பேட்டரியும் தெரியாது. தெரிஞ்சவ நீ. சனிக்கிழமை பத்து மணிக்கு வருவேன். நீயா இருந்தா என்ன பண்ணுவேன்னு அப்ப சொல்லணும், கேட்டியா?"

எழுந்து போகும்போது வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "இன்னொண்ணு. எங்க மாமியார் ஏறினா இந்த வண்டி சமத்தா ஓடறது. நான் தனியாப் போனாத்தான் படுத்தறது. அவாளுக்கு மட்டும் பயப்படறதாக்கும்!" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பட்டியல் போடும் பழக்கம் உண்டு என்று உங்களுக்கு இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். வாடிக்கையாளர் சொல்வதை ஒன்று விடாமல் எழுதுவேன். அன்றைக்கு இதையும் எழுதினேன். பதினொன்று: மாமியார் ஏறினால் தொந்தரவு இல்லை. ஆனால் பக்கத்தில் 'தமாஷ்' என்று ஒரு குறிப்பும் போட்டேன். அந்தக் குறிப்பு மூன்று நாளைத் தின்றது.

செவ்வாயும் புதனும் நான் செய்தது இவ்வளவுதான். ஒரு தாளின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் 'வைத்துக்கொள்ள', வலப்பக்கம் 'விற்க' என்று எழுதினேன். இடப்பக்கம்: புதிய பேட்டரி, புதிய கட்டுப்பாட்டுப் பெட்டி, எஞ்சினில் குறையில்லை, டாக்டருக்குக் கைபழகிய வண்டி. வலப்பக்கம்: இரண்டு பெரிய ரிப்பேருக்குப் பிறகும் அதே விளக்கு, காரணம் தெரியவில்லை. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் இரண்டு. எண்ணிக்கையைப் பார்த்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 'காரணம் தெரியவில்லை' என்ற ஒரு வரி மற்ற எல்லா வரிகளையும் அடித்துவிடும் என்பது எனக்கே தெரிந்தது. பட்டியல் போடுகிறவர்கள் வரிகளை எண்ணக் கூடாது. எந்த வரி மற்றவற்றை அடிக்கிறது என்று பார்க்க வேண்டும். இதை நான் அந்தத் தாளில்தான் கற்றுக்கொண்டேன்.

காரணம் தேடி வண்டியை ஓட்டிப் பார்த்தோம். எங்களிடம் ட்ரையல் என்றால் இரண்டு பேர் போவது வழக்கம். நான் ஓட்டுவேன். சேவியர் அண்ணன் பின் இருக்கையில் உட்கார்ந்து, சாய்மானத்தில் காதை வைத்து, பேட்டரியின் மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டபடி கையிலிருக்கும் வெப்பமானியைப் பார்ப்பார். மார்த்தாண்டத்துக்காரர். வொர்க்‌ஷாப்பிலேயே நல்ல காது அவருக்குத்தான். பைபாஸில் இரண்டு முறை, கழக்கூட்டம் நெரிசலில் ஒரு முறை. விளக்கு எரியவில்லை. வெப்பம் ஏறவில்லை.

"மக்களே, வண்டிக்கு ஒரு கொழப்பமும் இல்ல. டாக்டரம்மாக்க கால்லதான் என்னவோ கெடக்கு" என்றார் அண்ணன்.

இப்படித்தான் நாம் எல்லோரும் சறுக்குகிறோம். நம் கையில் ஒழுங்காக ஓடும் வண்டி வாடிக்கையாளர் கையில் ஓடவில்லை என்றால், தப்பு அவருடையது என்று தோன்றிவிடுகிறது. எனக்கும் தோன்றியது. 'ஓட்டும் விதம்' என்று எழுதவும் செய்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, விளக்கு எரிந்த நேரங்களைத் தனியாக ஒரு தாளில் எழுதினேன். டாக்டர் போனில் சொன்ன சின்னச் சின்ன மினுக்கல்களையும் சேர்த்து மொத்தம் ஒன்பது. மழை, வெயில், ஏசி, பெட்ரோல் அளவு எதிலும் ஒற்றுமை இல்லை. ஒன்றில் மட்டும் இருந்தது. ஒன்பது முறையும் டாக்டர் தனியாகப் போயிருந்தார்.

தமாஷ் என்று எழுதிய வரியைத் தேடிப் பிடித்தேன். போனை எடுத்தேன்.

"டாக்டர், ஒரு விஷயம் கேக்கணும். உங்க மாமியார் முன்னாடி உக்காருவாங்களா, பின்னாடியா?"

"பின்னாடிதான். முன்னாடி உக்காந்தா என் டிரைவிங்கைப் பாத்து அவாளுக்குப் பிரஷர் ஏறும். ஏன்?"

"சார் கூட வந்தா?"

"அவர் ஏறினா அவர்தான் ஓட்டுவார். நான் பின்னாடி போய்ப் படுத்துத் தூங்குவேன். இதுக்கும் பேட்டரிக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"தெரியல டாக்டர். தெரிஞ்சா சொல்றேன்."

தளத்துக்கு இறங்கிப் போனேன். சேவியர் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, நீங்க எப்பவும் பின்னாடிதானே உக்காருறீங்க?"

"பேட்டரி அங்கதானே கெடக்கு?"

"அந்த மாமியாரும் அங்கதான் உக்காருறாங்க."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "அப்போ நான் மாமியாராக்கும்?"

"நாளைக்கு முன்னாடி உக்காருங்கண்ணே."

"முன்னாடி உக்காந்து காத்து வாங்கவா எனக்குச் சம்பளம் தாறாங்க?" என்று முணுமுணுத்தார். ஆனால் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குச் சாவியை நீட்டியபோது முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

பின் இருக்கையில் யாரும் இல்லை. நல்ல வெயில். கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கின் சாப்பாட்டு நேர நெரிசலில் போய் வேண்டுமென்றே மாட்டிக்கொண்டோம். கொஞ்சம் நகர்வது, நிற்பது, நகர்வது. இருபது நிமிடம் ஒன்றுமில்லை. முப்பது நிமிடம். அண்ணன் கொட்டாவி விட்டார். முப்பத்தாறாவது நிமிடம் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி கால்களை இழந்ததுபோலத் தளர்ந்தது.

ஒரு எச்சரிக்கை விளக்கைப் பார்த்து அத்தனை சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன். ஓரம் கட்டினேன். அண்ணன் ஒரே தாவலில் இறங்கிப் பின்கதவைத் திறக்கப் போனார். சத்தம் கேட்கவேண்டும் அவருக்கு.

"ஏறாதீங்கண்ணே! கதவையும் திறக்காதீங்க!"

ரோட்டில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவரிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. ஆனால் இருக்கிற நிலையைக் கலைத்துவிட்டால் போயிற்று. இன்னொரு முறை இதே போல் வாய்க்கச் சனிக்கிழமைக்கு முன் நேரமில்லை. இருவரும் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தோம்.

பின் இருக்கையின் வலது ஓரத்தில், கதவை ஒட்டி, உள்ளங்கை அகலத்தில் ஒரு சல்லடை உண்டு. பேட்டரியைக் குளிரவைக்கும் விசிறி, வண்டிக்குள் இருக்கும் காற்றை அதன் வழியாகத்தான் உறிஞ்சும். இருக்கையின் மேலுறையில் பக்கவாட்டில் ஒரு மடிப்புத் துணி தொங்கிக்கொண்டிருந்தது. விசிறி அந்தத் துணியை இழுத்துச் சல்லடையின் மேல் ஒட்டவைத்திருந்தது. சல்லடையின் கம்பிகள் விலா எலும்புபோலத் துணியில் எழும்பித் தெரிந்தன. யாரோ கையால் வாயைப் பொத்தியது மாதிரி.

"இப்போ ஏறுங்கண்ணே."

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். அவர் எடைக்கு இருக்கையின் உறை கீழே இழுபட்டது. மடிப்பு சல்லடையிலிருந்து பட்டென்று விலகி விழுந்தது. விசிறி ஒரு பெரிய மூச்சு இழுத்தது எனக்கு வெளியிலேயே கேட்டது.

"எம்மாடி!" என்றார் அண்ணன். பிறகு, "மாமியார் ஜெயிச்சுட்டா" என்றார்.

பேட்டரி ஆறியபின் திரும்பவும் ஓட்டினோம். உறையோடு ஒருமுறை: நாற்பது நிமிடத்தில் விளக்கு. உறையைக் கழற்றி ஒருமுறை: ஒரு மணி நேரம் ஓட்டியும் விளக்கு இல்லை. இப்படி இரண்டு பக்கமும் பார்க்காமல் காரணம் கிடைத்தது என்று சொல்லாதீர்கள்.

சந்தோஷம் அன்று மாலை நான்கு மணி வரைதான். அந்த உறை எங்கிருந்து வந்தது என்று பார்க்க டெலிவரி ஃபைலை எடுத்தேன். உங்களுக்குத் தெரியும், நம் ஷோரூமில் புது வண்டி எடுத்தால் சீட் கவர் இலவசம். நம் ஊரில் உறை போடாத புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோனால் அக்கம்பக்கத்தில் கேள்வி கேட்பார்கள். சாலைக் கடைத்தெருவில் ஒரு தையல்காரர் மொத்தமாகத் தைத்துத் தருவார். அவரிடம் இருந்தது அதே வண்டியின் பெட்ரோல் மாடல் அளவு. அதில் சல்லடை கிடையாது. டெலிவரிக்கு முன் பார்க்க வேண்டியவை என்று நாற்பது வரிகள் கொண்ட பட்டியல். இருபத்தேழாவது வரி: சீட் கவர் பொருத்தியாயிற்று. பக்கத்தில் டிக். அதன் பக்கத்தில் என் இனிஷியல். வேலையில் சேர்ந்து இரண்டாவது மாதம் போட்டது.

மேனேஜர் அறைக்கு ஃபைலோடு போனேன். மலையாளி. என்னிடம் தமிழ் கலந்து பேசுவார். படித்தார், மூக்கைத் தடவினார். "அந்தக் கவரை எடுத்துக் களஞ்சுடு. கம்ப்யூட்டர் அப்டேட் பண்ணியாச்சுன்னு பறஞ்சா மதி. வண்டி சரியாயி, அல்லே? டாக்டருக்கு அதானே வேணும்?" கவரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டால் போதும் என்கிறார்.

"அவங்க நாளைக்கு வெளியே போய் வேற கவர் வாங்கிப் போடுவாங்க சார். இல்ல, ஒரு டவல் விரிப்பாங்க. மறுபடி மூடும். அப்ப டேபிள்ல ஒருத்தி இருப்பா."

நான் நேர்மையைப் பற்றி எதுவும் பேசவில்லை என்பதைக் கவனியுங்கள். பேசியிருந்தால் தோற்றிருப்பேன். பொய் சொன்னால் வண்டி ரிப்பேர் ஆகாது என்றுதான் சொன்னேன். வொர்க்‌ஷாப்பில் அந்த வாதத்துக்கு மறுவாதம் கிடையாது.

"சரி, குட்டி. நீ தன்னே பறஞ்சோ" என்று கடைசியில் என்னையே சொல்லச் சொன்னார். "நான் பக்கத்துல நிக்கறேன்."

சனிக்கிழமை பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது டாக்டர் வந்தார். கையில் போன். புரோக்கர் லைனில் காத்திருந்தான். "சொல்லு" என்றார்.

நான் பின்கதவைத் திறந்து, மடிப்பைச் சல்லடை மேல் வைத்து, விசிறியை ஓடவிட்டுக் காட்டினேன். துணி ஒட்டிக்கொண்டது. "இந்தக் கவர் நாங்க குடுத்தது. சரியா இருக்குன்னு டிக் போட்டது நான்" என்றேன். மேனேஜர் சொன்னபடியே பக்கத்தில் நின்றார்.

டாக்டர் குனிந்து பார்த்தார். விரலால் துணியை எடுத்தார். காற்று போயிற்று. விட்டார். ஒட்டிக்கொண்டது. மறுபடி எடுத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து அடங்கவே சற்று நேரமாயிற்று.

"ஏர்வே! என் வேலையே இதுதானேம்மா! இருபது வருஷமா மத்தவா மூச்சுக்குழாய் அடைக்காமப் பாத்துண்டிருக்கேன். என் வண்டிக்கு மூச்சு முட்டறது எனக்குத் தெரியல."

சட்டென்று சிரிப்பை நிறுத்தினார். "சரி. காரணம் தெரிஞ்சுது. நான் கேட்ட கேள்வி அது இல்லையே?"

இல்லைதான். காரணம் கண்டுபிடித்துவிட்ட பெருமையில் பலர் இங்கே நின்றுவிடுவார்கள். ஆனால் இத்தனை நாள் மூச்சுத் திணறிய புதிய பேட்டரி இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்பது வேறு கேள்வி. அதற்கான விடையை வெள்ளிக்கிழமை மாலை முடிந்தவரை அளந்து வைத்திருந்தேன்.

"நானா இருந்தா வெச்சுக்குவேன் டாக்டர்" என்றேன். "பேட்டரிக்குள்ள இருக்கற எல்லா செல்லுலயும் சார்ஜ் ஒரே அளவுல இருக்கு. எதுவும் பின்தங்கல. ஆனா இந்தச் சூட்டுல அதோட ஆயுசு கொஞ்சம் குறைஞ்சிருக்கலாம். எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது, யாராலயும் இப்பச் சொல்ல முடியாது. அடுத்த கோடை முடியட்டும். அதுக்குள்ள ஒரே ஒரு தடவை அந்த லைட் வந்தா, என்னைக்கூடக் கேக்காதீங்க, வித்துடுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். போனைக் காதில் வைத்தார். "நான் குடுக்கலை" என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு வைத்தார். பிறகு, "இங்க கத்திரிக்கோல் இருக்கா?" என்றார்.

சேவியர் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். மடிப்பைத் தையலோடு ஒட்டி, நூல் பிசிறாமல் அவரே வெட்டினார். வெட்டிய துண்டை என் கையில் வைத்தார். "ஸ்பெசிமன். பத்திரமா வெச்சுக்கோ."

வைத்திருக்கிறேன். அந்த டெலிவரி ஃபைலில், இருபத்தேழாவது வரிக்கு எதிரே பின் குத்தி இருக்கிறது. போய்ப் பாருங்கள். பட்டியலில் இப்போது நாற்பத்தொரு வரிகள். கடைசி வரி என் கையெழுத்தில் ஆரம்பித்துப் பிறகு அச்சானது: 'பின் இருக்கையில் யாரும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தாயிற்று.' நாம் இருக்கும்போது வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது சுலபம். நாம் இல்லாதபோது எப்படி ஓடுகிறது என்பதற்குத்தான் வாடிக்கையாளர் நம்மிடம் வருகிறார். ஓட்டாமல் அந்த வரிக்கு டிக் போடாதீர்கள். ஓட்டாமல் போட்ட டிக் எப்படி இருக்கும் என்று இருபத்தேழாவது வரியில் இருக்கிறது.

கோடை வந்தது. ஏப்ரல் முழுவதும் என் போன் அடிக்கும்போதெல்லாம் டாக்டரா என்றுதான் முதலில் பார்த்தேன். மே மாதம் ஒரு மத்தியானம், வெயில் கொதித்த நேரம், டாக்டர் கூப்பிட்டார். பின்னணியில் மருத்துவமனைச் சத்தம்.

"உன் பாணியிலேயே சொல்றேன், எழுதிக்கோ" என்றார். "ஒண்ணு: கழக்கூட்டத்துல ஐம்பது நிமிஷம் நின்னேன், நான் மட்டும், தனியா. ரெண்டு: லைட் வரலை. மூணு: பொண் குழந்தை, மூணு கிலோ, ஆஸ்பத்திரியே அதிர அழறது."